குடிநீர்த் தொட்டியின் வழுவழுப்பும் குளோரினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடி டேங்க், தரைக்கடியில் இருக்கும் சம்ப், தெருவில் ஓடும் குழாய், சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் என்று தண்ணீர் படும் இடமெல்லாம் ஒரு மெல்லிய நுண்ணுயிர்ப் படலம் படிந்துகொண்டே இருக்கிறது. இதை பயோஃபிலிம் என்பார்கள். வீடுகளிலும் அடுக்குமாடிச் சங்கங்களிலும் இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

டேங்கின் உள்சுவரைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. அது பாசியா?

பச்சையாக இருந்தால் பாசிதான். மூடி சரியாக இல்லாமல் வெயில் உள்ளே விழுகிறது என்று அர்த்தம். ஆனால் நல்ல இருட்டான சம்பிலும், கறுப்பு டேங்கிலும், குழாயின் உள்ளேயும்கூட நிறமில்லாமலோ லேசான பழுப்பாகவோ ஒரு வழுக்கல் இருக்கும். அதுதான் பயோஃபிலிம்.

தண்ணீரில் மிதந்து வரும் சில பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. எல்லாம் கலந்த ஒரு பசையைத் தம்மைச் சுற்றிச் சுரக்கின்றன. அந்தப் பசைக்குள் பெருகுகின்றன. வேறு வகை பாக்டீரியாக்கள், பூஞ்சை, இவற்றைத் தின்ன வரும் அமீபா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. படலம் தடித்த பிறகு அதில் ஒரு பகுதி பிய்ந்து தண்ணீரோடு போய், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஒட்டும்.

காலையில் பல் துலக்குமுன் நாக்கால் தடவினால் பல்லில் தெரியும் படிவும் பயோஃபிலிம்தான். 1683-ல் நெதர்லாந்தின் லேவன்ஹுக் தன் பல்லைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றி எழுதினார். நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஒட்டித்தான் வாழ்கின்றன என்பதை அறிவியல் உலகம் கவனிக்க அதற்கு அப்புறம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆனது. 1978-ல் கனடாவில் பணியாற்றிய பில் காஸ்டர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு முக்கியத் தொடக்கம். குடிநீர்க் குழாய் அமைப்புகளிலும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி குழாய்ச் சுவரில்தான் இருக்கிறது. தண்ணீரை மட்டும் சோதித்தால் நமக்குத் தெரிவது அதில் சிறு பங்குதான்.

குளோரின் போட்டுத்தானே தண்ணீர் விடுகிறார்கள்? அப்புறம் எப்படி அது உயிரோடு இருக்கிறது?

அடிப்படையான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தண்ணீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாவை குளோரின் வேகமாகக் கொன்றுவிடும். அதே பாக்டீரியா சுவரில் ஒட்டிப் படலத்துக்குள் இருந்தால் கதை வேறு. 1988-ல் அமெரிக்காவில் மார்க் லெஷெவாலியரும் அவர் குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சுவரில் ஒட்டிய பாக்டீரியாக்கள், மிதப்பவற்றைவிட 150 முதல் 3000 மடங்குக்கும் மேலாக ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தாங்கின. தண்ணீரில் குளோரின் கரையும்போது உண்டாகும் வலுவான கிருமிநாசினி இந்த அமிலம்தான்.

இதற்கு ஒரே காரணம் இல்லை. முதலாவது, குளோரின் எதைத் தொட்டாலும் வினைபுரியும். படலத்தின் மேற்பரப்பில் இருக்கும் பசையோடு வினைபுரிந்தே அது தீர்ந்துவிடுகிறது. உள்ளே ஊறிப் போகும் வேகத்தைவிட மேலே செலவாகும் வேகம் அதிகம். ஆக, மேலடுக்கு சாகும், அடியில் இருப்பவை பிழைக்கும். அடியில் இருப்பவை உணவு குறைவாகக் கிடைத்து மெதுவாக வளரும் நிலையில் இருப்பதால் எளிதில் சாவதும் இல்லை. குழாய் இரும்பாக இருந்தால் துருவும் குளோரினைத் தின்னும். துருக்கட்டிகளின் இடுக்குகள் ஒளிந்துகொள்ளத் தோதான இடம்.

தண்ணீரின் பி.எச். அளவையும், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணையும் பார்க்க வேண்டும். பி.எச். 7.5 வாக்கில் குளோரினில் பாதிதான் வலுவான அமில வடிவில் இருக்கும். 8.5-க்குப் போனால் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீதியெல்லாம் வலுக்குறைந்த ஹைப்போகுளோரைட். காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் போட்டும் பலன் குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. குளோரின் கொல்லும், ஆனால் சுவரைச் சுரண்டாது. செத்த படலம் அங்கேயே ஒட்டியிருக்கும். அடுத்து வரும் பாக்டீரியாவுக்கு அதுவே தளம், அதுவே உணவு. தேய்க்காமல் வெறுமே மருந்து ஊற்றிய டேங்கில் சில நாட்களிலேயே வழுவழுப்பு திரும்ப வருவது இதனால்தான்.

அப்படியானால் குளோரினால் பயனே இல்லையா?

அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்குத் தண்ணீர் தந்த பூன்டன் நீர்த்தேக்கத்தில் ஜான் லீல் என்ற மருத்துவர் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்தார். தண்ணீரின் தூய்மை குறித்த வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்த காரியம் அது. கடைசியில் நீதிமன்றமும் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. அதன் பின் ஊர் ஊராகக் குளோரின் பரவியது, டைபாய்டு சாவுகள் சரிந்தன. நம் ஊரில் காலராவும் டைபாய்டும் கட்டுக்குள் இருப்பதில் குளோரினுக்குப் பெரிய பங்கு உண்டு.

குளோரினின் வேலை இரண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொல்வது ஒன்று. வழியில் எங்காவது கழிவுநீர் கசிந்து கலந்தால் தடுக்க, குழாயின் கடைசி வீடு வரை கொஞ்சம் மிச்சம் இருப்பது இன்னொன்று. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 இந்த எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும் நேரத்தில் 0.5. இந்த அளவு படலத்தை ஒழிக்காது. ஆனால் வளர்ச்சியை மட்டுப்படுத்தும், பிய்ந்து வருபவற்றைத் தண்ணீரில் வைத்தே கொல்லும்.

அதிகமாகப் போட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா?

தீராது, வேறு தொல்லை வரும். தண்ணீரில் உள்ள இலைதழைச் சத்து போன்ற கரிமப் பொருட்களோடு குளோரின் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற சேர்மங்களை உண்டாக்கும். ரோட்டர்டாம் நீர்நிலையத்தின் வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974-ல் இதை வெளிக்கொண்டு வந்தார். குளோரோஃபார்ம் இந்த வகையைச் சேர்ந்தது. நீண்ட காலம் அதிக அளவில் உள்ளே போனால் உடலுக்கு நல்லதல்ல.

நெதர்லாந்து அப்புறம் எடுத்த வழி யோசிக்க வைப்பது. அங்கே இன்று குழாய்த் தண்ணீரில் எஞ்சிய குளோரினே கிடையாது. பாக்டீரியாவுக்கு உணவாகும் கரிமப் பொருளை நிலையத்திலேயே முடிந்தவரை நீக்கிவிடுகிறார்கள். கசியாத குழாய், எந்நேரமும் அழுத்தம். பட்டினி போட்டால் படலம் தடிக்காது என்பதே தத்துவம். அதைப் பார்த்து நம் ஊரிலும் குளோரினை நிறுத்தலாம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அவர்களுடைய குழாய் 24 மணி நேரமும் நிறைந்திருக்கிறது. நம்முடையது அப்படி இல்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊரில் இது எப்படி மாறுகிறது?

நிறையவே மாறுகிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. வெளியே மண்ணில் இருக்கும் சாக்கடைக் கசிவு, விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் மோசம். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும், மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே அழுக்கு வருகிறது.

மறுபடி தண்ணீர் திறக்கும்போது அந்த வேகம் குழாய்ச் சுவரில் படிந்த படலத்தையும் வண்டலையும் உரித்துக்கொண்டு வரும். முதல் சில நிமிடம் கலங்கலாக வருவது இதுதான். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஒரே நகரில் சில பகுதிகளுக்கு 24 மணி நேரமும், மற்ற பகுதிகளுக்கு விட்டுவிட்டும் தண்ணீர் போனபோது ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். விட்டுவிட்டு வந்த வீட்டுக் குழாய்களின் மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா இருந்தது. தொடர்ந்து வந்த பகுதியில் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: முதலில் வரும் கலங்கல் நீரை சம்புக்குள் விடாமல் செடிக்கோ தரை கழுவவோ பிடித்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு சம்பைத் திறந்துவிடுங்கள். தெருக் குழாயிலிருந்து பிடிக்கும் டியூபை வருடக் கணக்கில் வைத்திருக்காதீர்கள். மலிவான பிளாஸ்டிக், ரப்பர் டியூபிலிருந்து கசியும் பொருட்களே பாக்டீரியாவுக்கு உணவு. தரையில் கிடந்து ஈரம் காயாத டியூபின் உட்புறத்தை வெட்டிப் பார்த்தால் தெரியும்.

குளோரமைன் என்கிறார்களே, அது என்ன?

குளோரினோடு அம்மோனியா சேர்ந்த சேர்மம். வலு குறைவு, ஆனால் சீக்கிரம் தீராது, படலத்துக்குள்ளும் கொஞ்சம் ஆழமாகப் போகும். அமெரிக்க நகரங்கள் பல இதைப் பயன்படுத்துகின்றன. வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் அல்ல.

இந்தப் படலத்தால் நோய் வருமா?

படலத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. வழுவழுப்பைப் பார்த்துப் பயந்துபோக வேண்டியதில்லை. ஆனால் சில விருந்தாளிகள் ஆபத்தானவை.

லெஜியோனெல்லா அதில் முதலாவது. 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் பின் பலருக்கு நிமோனியா வந்தது. மாநாட்டுக்கு வந்தவர்களில் 29 பேர் இறந்தார்கள். கிருமியைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின. படலத்துக்குள் மேயும் அமீபாவின் வயிற்றுக்குள் பெருகும் பாக்டீரியா இது. குடிப்பதால் வருவது அரிது. ஷவர், ஏ.சி. குளிர்விப்புக் கோபுரம் போன்றவற்றின் நுண்திவலையை மூச்சில் இழுப்பதால்தான் வருகிறது.

பிளின்ட் நகரத்தில் நடந்ததும் இதோடு சேர்ந்ததே. 2014 ஏப்ரலில் அந்த அமெரிக்க நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கவில்லை. ஈயம் கலந்ததுதான் உலகச் செய்தி ஆனது. அதே நேரத்தில் இரும்புக் குழாய்கள் அரித்து, அந்தத் துரு குளோரினைத் தின்று தீர்த்தது. 2014, 2015-ல் லெஜியோனெல்லா நோய் பரவி 12 பேர் இறந்தார்கள். குழாயின் உள்சுவர் கெட்டால் தண்ணீரில் எவ்வளவு மருந்து கலந்தாலும் கடைசி வீட்டுக்கு எட்டாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டாம்.

லெஜியோனெல்லா பெருகும் வெப்பம் 25 முதல் 45 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ மதுரையிலோ சாதாரணக் குழாய்த் தண்ணீரே பல மாதம் அந்த அளவில்தான் இருக்கிறது. கீசரை மின்சாரம் மிச்சம் பிடிக்க 40-ல் வைப்பதைவிட 60-ல் வைத்து, குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்வது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் சூடு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போய் வந்ததும் எல்லாக் குழாய்களையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட்டு, அந்த நேரம் குளியலறையை விட்டு வெளியே நில்லுங்கள்.

கேரளத்தில் செய்தியான மூளை தின்னும் அமீபாவும் இப்படிப் பாக்டீரியாவைத் தின்று வாழ்வதுதான். மூக்கு வழியாக மட்டுமே அது மூளைக்குப் போகும். மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், டயாலிசிஸ் எடுப்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டேங்க்கை எப்படிச் சுத்தம் செய்வது?

வரிசை முக்கியம்: காலி செய்தல், தேய்த்தல், அலசுதல், அப்புறம்தான் குளோரின்.

தண்ணீரை வடித்து, அடியில் கிடக்கும் வண்டலை வாரி வெளியே எடுங்கள். சுவர், மூலை, மூடியின் உட்புறம், மிதவை வால்வு, வெளியேறும் குழாயின் வாய் என்று எதையும் விடாமல் நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் டேங்கில் கம்பி பிரஷ் வேண்டாம். கீறல் விழுந்தால் அடுத்த படலத்துக்கு அதுவே இருப்பிடம். சோப்பும் வேண்டாம். அழுக்கு நீர் வீட்டுக் குழாய்க்குள் இறங்காமல் வால்வை மூடி வைத்து, இரண்டு முறை அலசி வெளியே விடுங்கள்.

பிறகு டேங்க்கை நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் கணக்கில் சேர்க்க வேண்டும். 33 சதவீத வீரியம் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அப்புறம் வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும் வரை திறந்து மூடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டேங்க் பளிச்சென்று ஆகிவிடும், குழாய்க்குள் இருக்கும் படலம் தொடப்படாமலே இருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் வால்வை மட்டும் மூடி வையுங்கள். இந்த அளவு குளோரின் அதன் சவ்வைக் கெடுத்துவிடும்.

ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது என்று குழாய்களில் எழுதி ஒட்டுங்கள். காலையில் முழுவதையும் வெளியேற்றி, வாசம் அடங்கும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த நீரை மீன் தொட்டிக்கோ, குளத்துக்கோ, செடிக்கோ விட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதையும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். சம்புக்குள் ஆளை இறக்குவதற்கு முன் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பூட்டிக் கிடந்த சம்பில் இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள், அவர்களைக் காப்பாற்ற இறங்கி இறந்தவர்கள் என்று நம் ஊரில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கூலிக்கு வருபவரின் உயிரும் நம் பொறுப்பு. மயங்கி விழுந்தவரைப் பார்த்ததும் கூடவே இறங்கிவிடாதீர்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும் என்பது பொதுவான கணக்கு. லாரி தண்ணீரோ கலங்கலான தண்ணீரோ வந்தால் மூன்று மாதம். வெள்ளம் வந்து சம்பு மூழ்கியிருந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே. கிராமத்து மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதியை எழுதி வைப்பதைப் போல வீட்டு டேங்கிலும் எழுதி வையுங்கள்.

போர் தண்ணீருக்கும் லாரி தண்ணீருக்கும் தினமும் குளோரின் போட வேண்டுமா?

குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்தினால், ஆமாம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்று தொடங்கி, அரை மணி நேரம் கழித்துச் சோதித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விடுங்கள். பவுடரை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். ஈரமும் வெயிலும் பட்ட பவுடர் சில மாதத்தில் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். கட்டி கட்டியாக, வாசமே இல்லாமல் இருந்தால் வீசிவிடுங்கள்.

குளோரின் இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

டி.பி.டி. மாத்திரையோ பொடியோ சேர்ந்த சிறு கிட் கிடைக்கிறது. குழாய் நீரில் போட்டால் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும், அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். மஞ்சளாக மாறும் பழைய ஆர்த்தோடொலிடின் கரைசலைவிட இதுவே நல்லது, அந்த வேதிப்பொருள் உடலுக்குக் கெடுதல்.

ஒரே நாளில் தெருக் குழாய், சம்பு, டேங்க், சமையலறை என்று நாலு இடத்தில் பாருங்கள். தெருவில் 0.5 இருந்து சமையலறையில் ஒன்றுமே இல்லை என்றால், இடையில் உங்கள் சொந்தச் சுவர்கள்தான் அதைத் தின்கின்றன. மூக்கை நம்ப வேண்டாம். நீச்சல் குளத்து நெடி போலக் கடுமையாக வருவது பெரும்பாலும் அழுக்கோடு சேர்ந்த குளோரினின் வாசம்.

பாத்ரூமில் இளஞ்சிவப்பு வழுக்கல், போர் குழாயில் செம்பழுப்புச் சளி. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. இளஞ்சிவப்பு பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா. காற்றிலிருந்து வந்து ஈரத்திலும் சோப்பு மிச்சத்திலும் வளரும். தண்ணீர் கெட்டது என்று அர்த்தமில்லை. தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் போதும். செம்பழுப்புச் சளி இரும்பு பாக்டீரியாக்களின் வேலை. போர் நீரில் கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றி உயிர் வாழ்கின்றன. நோய் தருவதில்லை, குழாயை அடைக்கும், குளோரினைத் தின்னும். தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாத இடத்தில் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம். சாக்கடை கலந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் சோதனை செய்யாமல் குடிக்காதீர்கள்.

வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே, இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வுக்கு முன் கரி வடிகட்டி இருக்கும். குளோரினை நீக்குவதே அதன் வேலை. ஆக, அதைத் தாண்டிய பிறகு தண்ணீருக்குக் காவல் இல்லை. வடிகட்டியிலும், சவ்விலும், உள்ளே இருக்கும் சேமிப்புத் தொட்டியிலும் படலம் நன்றாக வளரும். யூ.வி. (புற ஊதா) விளக்கு தன்னைக் கடந்து போகும் தண்ணீரில் இருப்பதை மட்டும்தான் கொல்லும், அடுத்து இருக்கும் குழாயை ஒன்றும் செய்யாது. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும், உள்தொட்டியைக் கழுவச் சொல்வதும், இரண்டு நாள் ஓடாமல் இருந்தால் முதல் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுவதும் அவசியம்.

கேன் தண்ணீருக்கும் இதேதான். கேனை மாற்றுகிறோம், அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரின் கிண்ணத்தையும் குழாயையும் மாதக் கணக்கில் கழுவுவதில்லை.

கொதிக்க வைத்தால் போதுமா?

போதும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும். கொதித்த நீரைக் கழுவாத குடத்தில் ஊற்றாமல் இருக்க வேண்டும்.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்பது எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பாக்டீரியா சோதனைக்கு வீட்டு பாட்டிலில் பிடித்துப் போகாதீர்கள். கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்குங்கள். அதில் குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். முடிவில் 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முடிந்தால் இரண்டு மாதிரி கொடுங்கள். தெருக் குழாயில் நேராக ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. இரண்டிலும் ஈ.கோலை வந்தால் உள்ளாட்சியிலோ குடிநீர் வாரியத்திலோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், அறிக்கையின் நகலை இணையுங்கள். சமையலறையில் மட்டும் வந்தால் சம்பின் மூடியையும், பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். அப்புறம் பிரஷை எடுங்கள்.